கெட்டிமேளத்துக்கு முன்னால் ஒரு தோடி

“மாசி மாதம், ஞாயிறு, காலை முகூர்த்தம். முடிச்சூர் சாலையில் மண்டபம். தோடி. மேல் ஷட்ஜத்தில் நின்று, அங்கிருந்து ஏறப்போகிற இடத்தில் கெட்டிமேளம். முடியவில்லை. இந்த முறை கை என்னுடையது.”

என் ஃபோனில் உள்ள குறிப்பு இது. நேரில் கேட்கிற இசைக்கெல்லாம் இப்படி ஒன்று எழுதி வைப்பேன்: நாள், இடம், ராகம், எங்கே நின்றது. சபாக்களில் கேட்டவற்றுக்குக் கடைசிப் பகுதி காலியாகவே கிடக்கும். அங்கே பாடுகிறவர் தானாக முடிப்பார், கைதட்டுவார்கள், எழுத ஒன்றும் இருக்காது. கல்யாண மண்டபங்களுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அந்த இடம் நிரம்பத் தொடங்கியது.

போனது அழைப்பில்லாத கல்யாணங்களுக்கு. அதற்குக் காரணம் எங்கள் வீட்டில் புழங்கும் ஒரு சொல்.

இசை கேட்பதற்காகத் தனியாக ஊர் ஊராகப் போகவேண்டும் என்று கல்லூரிக் காலத்திலிருந்தே ஆசை. படித்த பயணக் கதைகளில் எல்லாரும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம் வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று அவர்களில் யாரும் எழுதவில்லை. தாம்பரத்தில் எங்கள் வீட்டில் யாரும் என்னை எதற்கும் ‘கூடாது’ என்று சொன்னதில்லை. “பார்க்கலாம்” என்பார் அப்பா. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வங்கியில் எத்தனை பேருக்கு அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார் என்று தெரியாது, ஆனால் அதை எதிர்த்து வாதாட முடியாது. மறுத்திருந்தால் சண்டை போடலாம். பார்க்கலாம் என்றவரிடம் என்ன சண்டை போடுவது? மலையில் நடந்த ஒரு இசைத் திருவிழா, கேரளத்துக் கோயில் ஒன்றின் செண்டை மேளம், கடலோர தர்கா ஒன்றின் கந்தூரி விழா என்று ஒவ்வொன்றும் பார்க்கலாம் என்பதற்குள்ளேயே தேதி கடந்து போனது.

ஆகவே பயணத்தின் அளவைச் சுருக்கினேன். குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை. மின்சார ரயில், ஷேர் ஆட்டோ, மதியத்துக்குள் வீடு.

பெருங்களத்தூரில் உண்மையாகவே ஒரு அலுவலகத் தோழியின் கல்யாணத்துக்குப் போயிருந்தபோதுதான் அந்த நாதஸ்வரக்காரரை முதலில் கேட்டேன். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. காவிரிக்கரைப் பக்கத்து ஊர்க்காரர். முகூர்த்த மாதங்களில் தன் குழுவோடு வேனில் வந்து, எங்கள் பக்கத்து மண்டபங்களில் மாறி மாறி வாசித்துவிட்டுப் போவார். இடைவேளையில் காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்ப்பார். எந்தெந்த நாள் எந்த மண்டபம் என்பதை அவரே ஃபேஸ்புக்கில் போட்டுவிடுவார். அதைப் பார்த்து நான் என் ஞாயிற்றுக்கிழமைகளைத் திட்டமிட்டேன்.

பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டால் தமிழ்நாட்டில் எந்த மண்டபத்துக்குள்ளும் போகலாம். வாசலில் சந்தனம் கொடுக்கிறவர்கள் சிரிப்பார்கள். பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீடு என்றும், மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் வீடு என்றும் நினைத்துக்கொள்வார்கள். சாப்பிடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். காபி மட்டும்.

வீட்டில் சொல்ல ஒரு காரணம் தயாராக இருந்தது. நான் வேலை பார்ப்பது சிறுசேரியில். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்யும் வளாகத்தில் யாருக்காவது கல்யாணம் நடந்துகொண்டேதான் இருக்கும். அம்மா நம்பினாள். நம்பியதன் விளைவு நான் எதிர்பாராதது. “உன் ஆபீஸ்ல எல்லாருக்கும் ஆயிடுச்சு போல. நீயும் வாட்ச்மேனும்தான் பாக்கி” என்று இட்லி வைக்கும்போது சொல்வாள். என் சுதந்திரத்துக்காக நான் சொன்ன ஒவ்வொரு பொய்யும் அவள் பக்கத்து வாதத்துக்குத்தான் வலு சேர்த்தது. ஸ்டேஷன் வாசலில் வழக்கமாக நிற்கும் ஷேர் ஆட்டோக்காரர் மட்டும் சந்தேகப்பட்டார். “இன்னாக்கா, வாராவாரம் பட்டுப்பொடவையாவே கீது. சொந்தக்காரங்க ஜாஸ்தியா?” என்றார். ஜாஸ்திதான் என்றேன்.

இனி தோடியைப் பற்றி. ஹோமப் புகை கிளம்பி, புரோகிதர் பெண்ணின் அப்பாவை உட்கார், எழுந்திரு என்று ஆட்டிவைக்கும் நேரத்தில் அவர் தோடியைத் தொடங்குவார். அப்போது மண்டபத்தில் ஒருவரும் அதைக் கேட்பதில்லை. நாற்காலி இழுபடும், குழந்தைகள் ஓடும், புடவை விலை பேசப்படும். அவர் அவசரமே இல்லாமல் கீழேயிருந்து ஏறுவார். ஒரே ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார், நமக்கே போதும் என்று தோன்றும்போது அதற்கு அடுத்ததைத் தொடுவார். மேல் ஷட்ஜத்துக்கு வந்து அங்கே நீண்ட மூச்சில் நிற்பார். அடுத்து என்ன என்று என் முதுகு நிமிரும். அப்போது மேடையில் யாரோ ஒருவர் ஆட்காட்டி விரலைத் தூக்கி ஆட்டுவார். கெட்டிமேளம். ராகம் எங்கே இருந்ததோ அங்கேயே அறுந்துவிழும். தாலி கட்டியாகிவிடும். அதன் பிறகு தோடிக்குத் திரும்புகிறவர் இல்லை. நலங்குக்கும் சாப்பாட்டுப் பந்திக்கும் ஏற்ற சின்னச் சின்ன உருப்படிகள்தான்.

அந்த ஒற்றை விரலின் மீது எனக்கு இருந்த கோபத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தாலி கட்டும் நேரத்தில் யாரும் அபசகுனமாக எதையும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம் என்று ஒரு நூலில் படித்திருக்கிறேன். எனக்குக் காதில் விழ வேண்டியிருந்ததும் அந்தச் சத்தத்தில்தான் மூழ்கியது. ஒரே ஒருமுறை அந்தத் தோடி முடிவதைக் கேட்க வேண்டும். அந்த ஆண்டு எனக்கு வேறு பெரிய ஆசை இருந்ததாக நினைவில்லை.

முடிச்சூர் சாலை மண்டபத்தில் நடந்தது இது. மேடையோரம் ஒரு பெரிய எல்இடி திரையும் கேமரா கிரேனும் வைத்துவிட்டதால் மேளக்காரர்களைக் கீழே, திரைக்குப் பின்புறமாக உட்காரச் சொல்லியிருந்தார்கள். தவில்காரருக்கு மேடை தெரியாது, முன்வரிசையின் ஓரம் மட்டும்தான் தெரியும். மேடையில் விரல் ஆடியதும் அதைப் பார்த்துத் தவில்காரருக்குக் கை காட்ட, முன்வரிசையில் மாமா ஒருவரை நியமித்திருந்தார்கள். மாமா காபிக்குப் போயிருந்தார். அவருடைய காலி நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் நான்.

தோடி மேலே வந்துவிட்டது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து எனக்கு முன்னால் வந்து நின்று, ஃபோனை உயர்த்தி, அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு வீடியோ காலில் மண்டபத்தைச் சுற்றிக் காட்டத் தொடங்கினார். மகன் அங்கிருந்து சத்தமாக ஒவ்வொருவரையும் விசாரித்தான். உட்காருங்கள் என்று சொல்வதற்காக நான் கையை உயர்த்தி ஆட்டினேன்.

தவில் வெடித்தது.

மேடையில் அப்போது தாலியே இல்லை. தேங்காய் மேல் வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பதற்காகத் தட்டில் ஏந்தி வரிசை வரிசையாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். தட்டு ஆறாவது வரிசையில் இருந்தது. ஆனால் கெட்டிமேளம் கேட்டால் நம் கை யாரையும் கேட்பதில்லை. மண்டபம் முழுவதும் எழுந்து அட்சதையைத் தூவியது. தட்டு ஏந்திய பெண்மணியின் மீதும் தேங்காயின் மீதும் ஐஸ்க்ரீம் சாப்பிட்ட குழந்தையின் மீதும் மஞ்சள் அரிசி மழையாகக் கொட்டியது. மேடையில் புரோகிதர் இரண்டு கைகளையும் விரித்து நிறுத்து நிறுத்து என்றார். மாப்பிள்ளை தன் கைகளைப் பார்த்துக்கொண்டார், எதையாவது கட்டிவிட்டோமோ என்பதுபோல.

பிறகு நிஜமாகவே தாலி கட்டியபோது தூவுவதற்கு யாரிடமும் அட்சதை இல்லை. குனிந்து தரையில் பொறுக்கினார்கள். சிலர் பூவை உதிர்த்துப் போட்டார்கள்.

யார் கை காட்டியது என்று விசாரணை நடந்தது. மாப்பிள்ளை வீட்டு அக்கா என்றார் ஒருவர். இல்லை, பெண் வீடு என்றார் இன்னொருவர். எதிர்த் தரப்பைப் புண்படுத்திவிடக் கூடாதே என்ற பயத்தில் இரண்டு தரப்பும் என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டன. ஒரு அம்மா என் கையைப் பிடித்து, நல்ல சத்தம் எப்போது கேட்டாலும் நல்லதுதான் என்று ஆறுதல் சொன்னார். நான் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு வெளியேறினேன்.

வெளியே வேனில் மேளங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாதஸ்வரக்காரர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பல மண்டபங்களில் முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் என்று என்னைக் கவனித்து வைத்திருந்தாராம். முதலில் ஏதோ போட்டிக் குழுவிலிருந்து வேவு பார்க்க வந்தவள் என்று நினைத்தார்களாம். தோடியை முழுசாகக் கேட்பதற்குத்தான் வருகிறேன் என்றேன்.

“அதுக்கு கல்யாணத்துக்கு வந்தா எப்படி?” என்றார். “பங்குனில எங்க ஊர் திருவிழாவுக்கு வாங்க. அஞ்சாம் நாள் காலைப் புறப்பாடு. மேலவீதி மூலைல பல்லக்க எறக்கி வெச்சுடுவாங்க. எவ்வளவு நேரம் வேணாலும் வாசிக்கலாம். அங்க எவனும் வெரல தூக்க மாட்டான்.”

எனக்கு வேண்டியது அதுதான். நான்கு நாள் விடுப்பு, தனியாக ஒரு ரயில், ஒரு தெருமூலை. அன்றே தேதியைக் குறித்துக்கொண்டேன். வீட்டில் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில், அந்தக் கல்யாணத்தை நேரலையாகக் காட்டிய வீடியோவிலிருந்து யாரோ வெட்டியெடுத்த துண்டு எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவுக்கு வந்துசேர்ந்தது. பச்சைப் புடவை, உயர்ந்த கை, தவில், பறக்கும் அரிசி. கீழ்வீட்டு ஆன்ட்டி ஃபோனோடு மாடியேறி வந்து, இது உங்கள் பெண் மாதிரியே இருக்கிறதே என்று அம்மாவிடம் காட்டினார்.

அம்மா முதலில் கேட்டது நான் பயந்த கேள்வி அல்ல. “சாப்பிட்டுட்டு வந்தியா?”

இல்லை, எங்கேயும் சாப்பிட்டதில்லை, அது என் கொள்கை என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“முன்ன பின்ன தெரியாதவங்க கல்யாணத்துக்குப் போயிருக்க. அதுலயும் சாப்பிடாம வந்திருக்க. அவங்க என்னடி நெனைப்பாங்க?”

அவர்களுக்கு நான் யாரென்றே தெரியாது என்பது அவளைச் சமாதானப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றவை வந்தன. எத்தனை மாதமாக, எங்கெல்லாம், யாரோடு. ஒவ்வொரு பதிலிலும் யாரோடு என்ற கேள்விக்கு ‘தனியாக’ என்றேன். அந்த வார்த்தையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு பையனோடு போயிருந்தால் அவளுக்கு விஷயம் புரிந்திருக்கும். இசைக்காக ஒருத்தி தனியாகப் போய் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பாள் என்பதை நம்ப முடியாமல், எதையோ மறைக்கிறேன் என்று முடிவு கட்டினாள். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, அந்த வீடியோவை எடுத்துவிட யாரிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

எல்லாம் வெளியே வந்துவிட்டதே என்று திருவிழாவைப் பற்றியும் அப்போதே சொன்னேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்பா வழக்கம்போல, “பார்க்கலாம்” என்றார்.

“பார்க்க ஒண்ணும் இல்லப்பா. டிக்கெட் எடுத்துட்டேன். கேக்கல, சொல்றேன்.”

வீட்டில் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ, அவளும் சாமி பார்த்த மாதிரி இருக்கும் என்றார். இரண்டு நாள் அந்த யோசனை வீட்டில் சுற்றியது. அம்மா வந்தால் பல்லக்கை இறக்கி வைத்ததும் பிரசாதம் எங்கே என்பாள், வெயில் ஏறுகிறது என்பாள், நான் தலையாட்டிக்கொண்டே பாதியில் திரும்புவேன். வேண்டாம் என்றேன். காரணத்தைச் சொல்ல முடியவில்லை, அதனால் திமிர் என்று பெயர் வந்தது. கிளம்பிய அன்று அம்மா கதவுக்கு வரவில்லை. ஆனால் பையில் புளிசாதம் இருந்தது.

தாம்பரத்தில் காலை ரயிலில் ஏறியபோது மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. செங்கல்பட்டு தாண்டும்வரை. அதற்குமேல் அம்மா வராத கதவுதான் நினைவில் நின்றது.

ஊர் போய்ச் சேர்ந்து முதல் லாட்ஜில் கேட்டால், தனியாக வரும் பெண்களுக்கு அறை தருவதில்லை என்றார்கள். இரண்டாவதில் அறை இருந்தது, என்னைப் பார்த்த பிறகு இல்லாமல் போனது. மூன்றாவதில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் என் ஆதார் அட்டையையும் அலுவலக அடையாள அட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரியாதையான மனிதர்தான். அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

“தப்பா நெனைச்சுக்காதீங்கம்மா. வீட்ல ஆம்பளைங்க யார்ட்டயாவது ஒரு வார்த்த பேசிட்டேன்னா கொடுத்துடலாம்.”

சொந்தச் சம்பளத்தில் வந்தவள், வாக்குரிமை உள்ளவள் என்று உள்ளுக்குள் ஒரு பெரிய கட்டுரையே ஓடியது. வெளியே வெயில். நான்காவது லாட்ஜ் அந்த ஊரில் இல்லை. அப்பாவுக்கு அழைத்து ஃபோனை மேஜைக்காரரிடம் நீட்டினேன். அப்பாவின் குரல் எனக்கும் கேட்டது. “ஆமா சார், எங்க பொண்ணுதான். நான்தான் அனுப்பியிருக்கேன்.”

சாவி கிடைத்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் எனக்காகப் பொய் சொன்னார் என்பது தெரியும். அதற்காக நெகிழ்ந்திருக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் ‘அனுப்பியிருக்கேன்’ என்ற அந்த ஒரே சொல்லில், நான் சண்டை போட்டு வாங்கியது முழுவதும் அவர் கைக்கே திரும்பிப் போய்விட்டது. வந்தது நான். ஊருக்கும் லாட்ஜ் பதிவுக்கும் தெரிந்தவரை, அனுப்பியது அவர்.

திருவிழாவின் ஐந்தாம் நாள் காலை கோயில் வாசலில் நின்றேன். சாமி புறப்படும்போது வாசிக்கும் மல்லாரியோடு பல்லக்கு வெளியே வந்தது. வேட்டியும் வெற்றுமார்புமாக நாதஸ்வரக்காரரை அடையாளம் தெரிய சற்று நேரமாயிற்று. அவருக்கு என்னை உடனே தெரிந்தது. தவில்காரரிடம் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். பக்கத்தில் கடக்கும்போது என்னிடம், “இன்னிக்கு ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு நில்லுங்கம்மா” என்றார்.

கட்டிக்கொண்டேன். மேலவீதி மூலையில் தாங்குகட்டைகளை ஊன்றிப் பல்லக்கை இறக்கி வைத்தார்கள். கூட்டம் அதிகமில்லை. பூக்கடைக்காரர், மாடியில் துணி காயப்போட வந்த ஒரு பெண், பல்லக்கு தூக்கும் ஆட்கள் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு. அவர் தோடியைத் தொடங்கினார். மண்டபத்தில் கேட்டதைவிட மெதுவாக. நாற்காலிச் சத்தம் இல்லாததால், இத்தனை மாதமாக எனக்குக் கேட்காமலே போன நுணுக்கமான அசைவுகள் கேட்டன. கண்ணை மூடிக்கொண்டேன். மேலே வந்தார். ஷட்ஜத்தில் நின்றார். நீண்ட மூச்சு, மிக நீண்ட மூச்சு. இதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை நான் முதல்முறையாகக் கேட்கப்போகிறேன்.

நின்றுவிட்டது. தவில் எழுந்தது. கண்ணைத் திறந்தபோது பல்லக்கு தோள்களில் இருந்தது, ஊர்வலம் நகர்ந்துகொண்டிருந்தது.

என் குறிப்புகளில் மண்டபம்தோறும் ‘எங்கே நின்றது’ என்பதற்கு எதிரே நான் எழுதியிருப்பதும் இதே இடம்தான். முகூர்த்த நேரம் என்ன என்பது ஒவ்வொரு கல்யாணத்திலும் அவருக்கு முன்பே தெரியும். அதற்குள் எவ்வளவு வாசிக்கலாம் என்ற கணக்கும் கையில் படிந்திருக்கும். அந்த விரல்தான் அவரை நிறுத்துகிறது என்று நம்பி நான் மாதக்கணக்காகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் வெயிலில் நின்றபோது, விரலே இல்லாவிட்டாலும் அவர் அங்கேதான் நிறுத்துவாரோ என்று தோன்றியது. அதை நினைத்ததும் கோபப்படக்கூட ஆள் இல்லாமல் போன மாதிரி இருந்தது.

கோயிலுக்குத் திரும்பியதும் அவரிடமே கேட்டேன். ஏன் அங்கேயே நிறுத்திவிட்டீர்கள் என்றேன்.

“சாமி கெளம்பிடுச்சுல்ல” என்றார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாலைப் புறப்பாட்டுக்கு வருகிறீர்களா என்று விசாரித்தார்.

பல்லக்கு தூக்கியவர்களில் ஒருவர் மண்டபத் தூணில் சாய்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவரிடமும் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. மேளம் நின்றது, தூக்கினோம், நின்றால்தான் எப்போதும் தூக்குவோம் என்றார்.

வீதியில் யாரும் பதிவு செய்ததாகத் தெரியவில்லை. பூக்கடைக்காரர் வியாபாரத்தில் இருந்தாராம். மாடியில் நின்ற பெண்ணின் வீடு எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் பதிவு செய்யவில்லை, பார்க்கவும் இல்லை. அன்றைய குறிப்பில் நாளும் இடமும் ராகமும் எழுதியிருக்கிறேன். அதன் கீழே இப்படி இருக்கிறது: “பல்லக்கு முதலில் எழுந்ததா, தோடி முதலில் நின்றதா? இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். உறுதி செய்யப்படவில்லை.”